பனித்தரையில் என் பேத்தி!

கனடாவில் பெண் வீட்டில் ஆறு மாதம் இருந்துவிட்டு வந்தவள் நயாகராவைப் பற்றி எழுதுவாள் என்றுதானே எதிர்பார்ப்பீர்கள்? நயாகராவைப் பார்த்தேன். பிரமாதமாகத்தான் இருந்தது. ஆனால் அதைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் எழுதப் போவது ஒரு மூட்டையைப் பற்றி.

2023 நவம்பரில் டொரான்டோவில் இறங்கி, ஸ்கார்பரோவில் பெண் வீட்டுக்குள் காலடி எடுத்து வைத்ததுமே ஒரு வாடை. அடைமழையில் நாலு நாள் காயாத சாக்ஸும், திறக்க மறந்த டிபன் டப்பாவும் சேர்ந்த மாதிரி.

"என்னடி இது, எங்கேயாவது எலி செத்துக் கிடக்கா?" என்றேன்.

பெண் சிரித்தாள். "எலி இல்லம்மா. நிலாவோட ஹாக்கி மூட்டை."

கூடத்து ஓரத்தில் கிடந்தது அது. ஒன்பது வயசுப் பேத்தியையே உள்ளே வைத்து ஜிப்பை இழுத்து மூடிவிடலாம், அவ்வளவு பெரிசு. காலுக்கு, தோளுக்கு, முழங்கைக்கு என்று தனித்தனிக் காப்பு, பஞ்சு வைத்துத் தைத்த நிஜார், யானைத் தோல் மாதிரிக் கையுறை, முகத்துக்குக் கம்பிக் கூண்டு போட்ட ஹெல்மெட், கழுத்துக்குப் பட்டை, பல்லுக்கு ரப்பர் கவசம், கத்தி வைத்த பூட்ஸ். யுத்தத்துக்குப் போகிற ராஜகுமாரனுக்குக்கூட இவ்வளவு இருந்திருக்காது.

"பெண் குழந்தைக்கு இது என்னத்துக்கு? பாட்டு, பரதம் ஏதாவது கத்துக் கொடுக்கக் கூடாதா?" என்று நான் கேட்டேன்தான். ஒளிப்பானேன்? உங்களில் பாதிப் பேர் கேட்டிருப்பீர்கள்.

"பாட்டும் கத்துக்கறாம்மா. ஆனா பாட்டு கிளாசுக்கு நான் எழுப்பணும். ஹாக்கின்னா அவ என்னை எழுப்பறா."

அடுத்த சனிக்கிழமை காலை ஐந்தரை மணிக்கு, வெளியே கும்மிருட்டில், என்னையும் எழுப்பிவிட்டாள் பேத்தி.

நமக்கு ஹாக்கி என்றால் புல்தரையில் ஆடுவது. கனடாவில் 'ஹாக்கி' என்று வெறுமனே சொன்னால் பனிக்கட்டி மேல் ஆடுவதுதான். 1994ல் சட்டமே போட்டு அதைத் தேசியக் குளிர்கால விளையாட்டு ஆக்கியிருக்கிறார்கள். ஏரியும் குளமும் உறைந்து கிடக்கிற தேசத்தில் இதை யார் முதலில் ஆடினார்கள் என்பதில் ஊருக்கு ஊர் வழக்கு உண்டு. மிக்மாக் என்ற ஆதிக்குடிகள் செதுக்கிய மட்டைகளுக்கு அந்தக் காலத்தில் ஏக கிராக்கியாம். கூரைக்குக் கீழே ஒழுங்கான ஆட்டமாக நடந்தது 1875 மார்ச் 3ந் தேதி, மான்ட்ரியல் நகரில். அன்றைக்குப் பக்கத்துக்கு ஒன்பது பேர். பந்து துள்ளி வேடிக்கை பார்ப்பவர்கள் மேல் பட்டுவிடுமே என்று தட்டையான மர வில்லை ஒன்றை வைத்து ஆடினார்கள். அதன் வழி வந்ததுதான் இன்றைய 'பக்'.

இப்போது அது கெட்டி ரப்பர். மூன்று அங்குலக் குறுக்களவு, ஓர் அங்குல கனம். கறுப்பு மசால் வடை என்று வைத்துக் கொள்ளுங்களேன். எடை 156லிருந்து 170 கிராம். பெரிய ஆட்டங்களில் பக்கை முன்கூட்டியே உறைய வைத்துத்தான் எடுத்து வருவார்கள். குளிர்ந்த ரப்பர் அதிகம் துள்ளாமல் வழுக்கிக்கொண்டு ஓடும். தேர்ந்த ஆட்டக்காரர் ஓங்கி அடித்தால் மணிக்கு 150 கிலோமீட்டருக்கு மேல் பறக்கும். ராஜகுமாரன் கவசத்துக்குக் காரணம் புரிகிறதல்லவா?

ஆடுகிற இடத்தை 'ரிங்க்' என்கிறார்கள். 200 அடி நீளம், 85 அடி அகலம். நம் கணக்கில் ஏழு கிரவுண்டு நிலம் முழுக்க ஒரே பனிக்கட்டி! "எப்படிடி இவ்வளவு ஐஸ்?" என்று வாயைப் பிளந்தேன். மாப்பிள்ளை விளக்கினார். அடியில் சிமென்ட் தளம். அதற்குள் வரிசையாகக் குழாய்கள். குழாய்களில் கடும் குளிர்ச்சியான உப்புத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். உப்பு சேர்ந்தால் தண்ணீர் சுலபத்தில் உறையாது. குல்பிக்காரர் ஐஸில் உப்புப் போடுகிற அதே சூட்சுமம்தான். தளத்தின் மேல் தண்ணீரை மெல்லிசாகத் தெளித்து, உறைந்ததும் இன்னொரு பூச்சு, அப்புறம் இன்னொன்று. இடையிலே வெள்ளைச் சாயம், கோடுகள். கடைசியில் எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய ஓர் அங்குல கனம்தான்.

ஆட்டத்தின் நடுவே ஓய்வு விட்டதும் யானை அசைகிற மாதிரி ஒரு வண்டி வந்தது. ஸாம்போனி என்று பெயர். கலிபோர்னியாவில் ரிங்க் வைத்திருந்த பிராங்க் ஸாம்போனி என்பவர் 1949ல் செய்தது. அதற்கு முன்னால் மூன்று நாலு ஆட்கள் தரையைச் செதுக்கி, கழுவி, மறுபடி தண்ணீர் விட ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகுமாம். இந்த வண்டி மேல்பரப்பைச் சீவி, கழுவி, பின்னாலேயே தண்ணீரைப் பூசிக்கொண்டு போகிறது. அதுவும் சுடு தண்ணீர்! சூடு பட்டுப் பழைய பனி கொஞ்சம் இளகி, புதுசு அதோடு நன்றாக ஒட்டிக்கொள்ளுமாம். பெருக்கி, மெழுகி, கோலம் போடக் காத்திருக்கிற வாசல் மாதிரி பளபளவென்று ஆகிவிட்டது. ஐந்தரை மணிக்கு எழுந்ததற்கு அந்த ஒரு காட்சியே போதும் என்று எனக்குத் தோன்றியது. பேத்தியிடம் சொல்லவில்லை.

வீடு கட்டும்போது நிலைப்படிக்கு அடியில் நாம் பொன்னும் நவதானியமும் வைப்பதில்லையா? அங்கேயும் அந்தப் புத்தி உண்டு. 2002 ஒலிம்பிக்ஸ் அமெரிக்காவில் சால்ட் லேக் சிட்டியில் நடந்தது. பனித்தரை போடப் போனவர்களில் ட்ரென்ட் எவன்ஸ் என்ற கனடாக்காரரும் ஒருவர். அவர் தரையின் நட்டநடுவில் தம் நாட்டு ஒரு டாலர் நாணயத்தை ரகசியமாகப் புதைத்துவிட்டார். அந்த வருஷம் கனடாவின் பெண்கள் அணிக்குத் தங்கம். ஆண்கள் அணிக்கும் தங்கம், ஐம்பது வருஷத்துக்கு அப்புறம்! அந்தக் காசை டொரான்டோவில் ஹாக்கி மியூசியத்தில் வைத்திருக்கிறார்கள்.

ஆட்டத்தை எனக்குப் புரிய வைத்தவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு யாழ்ப்பாணத்துத் தாய். அவருடைய மகளும் அதே அணி. பேத்தி தொப்பென்று விழுந்ததும் நான் "ஐயோ!" என்று எழுந்துவிட்டேன். "பயப்பிடாதேங்கோ அம்மா, இருங்கோ. விழுந்தால்தான் பழகும்" என்று என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். பிளாஸ்கிலிருந்து தேத்தண்ணியும் கொடுத்தார். அந்தக் குளிரில் அது அமிர்தம்.

ஒரு நேரத்தில் பக்கத்துக்கு ஆறு பேர். கோல் காப்பவர் ஒருவர், தடுப்பவர் இருவர், முன்னால் மூவர். மற்றவர்கள் பெஞ்சில். முக்கால் நிமிஷம், ஒரு நிமிஷம் மூச்சைப் பிடித்து ஓடிவிட்டு, ஆட்டம் நிற்காமலே மாறி மாறி இறங்குகிறார்கள். அவ்வளவு களைப்பாம். பெரியவர்களுக்கு இருபது இருபது நிமிஷமாக மூன்று கட்டம், குழந்தைகளுக்குக் குறைவு. புல்தரை ஹாக்கியில் மட்டையின் ஒரு பக்கத்தால்தான் அடிக்கலாம். இங்கே இரண்டு பக்கமும் சரி. கோலுக்குப் பின்னாலும் போய் ஆடலாம். சுற்றுச் சுவரில் பக்கை மோதவிட்டுத் திருப்பி எடுக்கலாம்.

"உந்த நீலக் கோட்டைப் பாருங்கோ. பக் உள்ளுக்குப் போக முன்னம் பிள்ளையள் போகக் கூடாது. போனால் ஓஃப்சைட்" என்றார் அந்த அம்மாள். அதாவது, விருந்துக்கு அழைக்கும் முன்னே இலையில் போய் உட்காரக் கூடாது. பாதி மைதானத்துக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, எதிர்க்கோடி வரை பக்கைத் தள்ளிவிட்டுத் தப்பித்துக்கொள்வதும் தப்பு, அதற்கு 'ஐசிங்'. எனக்கு ரொம்பப் பிடித்தது தண்டனைப் பெட்டி. காலைத் தட்டிவிட்டாலோ மட்டையால் இழுத்தாலோ, சின்னத் தப்புக்கு இரண்டு நிமிஷம் கண்ணாடிக் கூண்டில் தனியாகப் போய் உட்கார வேண்டும். அதுவரை அந்த அணிக்கு ஓர் ஆள் குறைச்சல். ஒரு குட்டிப் பெண் உள்ளே போய், முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நம் வீடுகளிலும் ஒன்று கட்டி வைக்கலாம். குழந்தைகளுக்கு மட்டுமல்ல.

'பெண் குழந்தைக்கு என்னத்துக்கு' என்று கேட்டேனே, அதற்குப் பதில் பெண் சொன்ன ஒரு கதையில் கிடைத்தது. 1955ல் இதே டொரான்டோவில் எட்டு வயசு ஆபி ஹாஃப்மன் ஹாக்கி ஆட ஆசைப்பட்டாள். பெண்களுக்கு அணி கிடையாது. 'ஆப் ஹாஃப்மன்' என்று பெயரைச் சுருக்கிக்கொண்டு, கிராப்புத் தலையோடு பையன்கள் அணியில் சேர்ந்துவிட்டாள். உடையெல்லாம் வீட்டிலேயே போட்டுக்கொண்டு போவாளாம். பிரமாதமாக ஆடியதால்தான் மாட்டிக்கொண்டாள்! சிறந்த பிள்ளைகளைப் பொறுக்கி ஒரு போட்டிக்கு அனுப்பப் பிறப்புச் சான்றிதழைக் கேட்டார்கள். அதில் பெண் என்று இருந்தது. அதே பெண் வளர்ந்து, 800 மீட்டர் ஓட்டத்தில் நாலு ஒலிம்பிக்ஸ் ஓடினாள். 1976ல் மான்ட்ரியலில் கனடாவின் கொடியை ஏந்திக்கொண்டு முன்னால் நடந்தவள் அவள்தான்.

இத்தனைக்கும் 1890 வாக்கிலேயே பெண்கள் ஆடியிருக்கிறார்கள். ஸ்டான்லி கோப்பை என்று பெரிய கோப்பை இருக்கிறதே, அதை 1892ல் கொடுத்த கவர்னர் ஜெனரல் ஸ்டான்லி பிரபுவின் மகள் இஸபெல், தரை கூட்டும் நீளப் பாவாடையோடு பனியில் மட்டை பிடித்தவள். ஒலிம்பிக்ஸில் பெண்கள் ஹாக்கியைச் சேர்க்க 1998 ஆயிற்று. 2024 புத்தாண்டு அன்று பெண்களுக்கான தொழில்முறை லீக் ஆறு அணிகளோடு தொடங்கியது. முதல் ஆட்டம் டொரான்டோவில். டெலிவிஷனில் நாங்கள் மூன்று தலைமுறையும் ஒரே போர்வைக்குள் உட்கார்ந்து பார்த்தோம். நியூயார்க் நாலு கோல் போட, டொரான்டோ பூஜ்யம். பேத்தி அழுதாள். நானும் கொஞ்சம் கண்ணைத் துடைத்துக்கொண்டேன் என்றால் நம்புவீர்களா? நம் தேசத்திலும் லடாக் பெண்கள் பெரும்பாலாக உள்ள இந்திய அணி 2025ல் ஆசியக் கோப்பையில் வெண்கலம் வாங்கி வந்தது.

பின்னல் போடுகிற சகோதரிகளுக்கு ஒரு சேதி. ஷாக் பிளான்ட் என்று மான்ட்ரியல் அணிக்கு ஒரு பெயர் பெற்ற கோல் காப்பாளர் இருந்தார். பதினொரு பிள்ளைகளில் மூத்தவர். அம்மாவிடம் பின்னல் கற்று, தம் கம்பளிக் குல்லாய்களைத் தாமே பின்னிக்கொள்வார். அந்தக் காலத்தில் கோல் காப்பவர்கள் வெறும் முகத்தோடு நிற்பார்கள். 1959 நவம்பர் 1ந் தேதி நியூயார்க்கில் பக் அவர் முகத்தைக் கிழித்தது. தையல் போட்டுக்கொண்டு வந்தவர், முகமூடி இல்லாமல் இறங்க மாட்டேன் என்றுவிட்டார். பயிற்சியாளருக்கு இஷ்டமில்லை. மாற்று ஆள் இல்லாததால் வேறு வழியும் இல்லை. முகமூடி போட்டால் கோழை என்று பேசிய காலம் அதோடு மலையேறியது.

இனி, நான் எழுத வந்த விஷயம்.

ஜனவரி கடைசியில் ஒரு சனிக்கிழமை. ஆட்டம் முடிய ஐந்து நிமிஷம். இரண்டு பக்கமும் சமம். நிலா பக்கைத் துரத்திக்கொண்டு போனவள், ஸ்கேட் முனை இடறிப் பின்பக்கமாக விழுந்து, வழுக்கிக்கொண்டே போய்ச் சுற்றுப் பலகையில் தலை மோதிற்று. ரத்தம் இல்லை, நினைவு தப்பவில்லை. தானே எழுந்தும் விட்டாள். ஆனால் பயிற்சியாளர் அவளை வெளியே அழைத்து வந்துவிட்டார். "எனக்கு ஒண்ணுமில்லை, என்னை விடுங்க, இன்னும் அஞ்சு நிமிஷம்தான்" என்று குழந்தை விம்முகிறாள். பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

முதல் நாளிலிருந்து இந்த ஆட்டமே வேண்டாம் என்ற நான் அப்போது என்ன சொன்னேன் தெரியுமா? "பாவம், ஆசைப்படறா. தலையிலதான் ஹெல்மெட் இருக்கே. போய் ஆடிட்டு வரட்டுமே!"

என் பெண் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. "அம்மா, வாயை மூடு" என்றாள். பெற்றவளிடம் அவள் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. குழந்தையின் ஸ்கேட்டைக் கழற்ற ஆரம்பித்தாள்.

காரில் ஏறியதும் "தலை வலிக்கிறது" என்றாள் நிலா. சாயந்திரம் விளக்கு வெளிச்சம் கூசுகிறது என்றாள். ராத்திரி ஒரு வாந்தி. ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

ஹெல்மெட் மண்டை ஓட்டைக் காக்கும். உள்ளே மூளை குலுங்குவதை அது முழுக்கத் தடுக்காது. இதை அந்த டாக்டரம்மாள் சொன்ன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அப்படிக் குலுங்கிய மூளை ஆறுவதற்குள் இன்னொரு அடி பட்டால்தான் பெரிய ஆபத்து. கனடாவின் ஒட்டாவா நகரில் 2013ல் ரோவன் ஸ்ட்ரிங்கர் என்ற பதினேழு வயசுப் பெண் ரக்பி ஆடும்போது சில நாள் இடைவெளியில் அடுத்தடுத்துத் தலையில் அடி வாங்கினாள். ஏதோ சரியில்லை என்று அவளுக்கே சந்தேகம் இருந்தும் ஆடப் போனாள். கடைசி அடியில் உயிர் போய்விட்டது. 2018ல் ஒன்டாரியோ மாகாணத்தில் அவள் பெயராலேயே சட்டம் வந்தது. தலையில் அடியோ என்று சந்தேகம் வந்தாலே பிள்ளையை ஆட்டத்திலிருந்து எடுத்துவிட வேண்டும். டாக்டர் சம்மதம் இல்லாமல் முழு ஆட்டத்துக்குத் திரும்பக் கூடாது. விளையாட்டில் சேரும்போதே பிள்ளையும் பெற்றவர்களும் இதைப் படித்துத் தெரிந்துகொண்டாக வேண்டும். என் பெண் படித்திருந்தாள். நான் படிக்கவில்லை.

இது பனி ஹாக்கிக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். நம் வீட்டு ஊஞ்சலும் மாடிப்படியும் போதும். தலையில் அடிபட்ட குழந்தைக்குத் தலைவலி, தலைசுற்றல், வாந்தி, வெளிச்சம் கூசுதல், கேட்டதையே கேட்பது, வழக்கமில்லாத மந்தம் அல்லது சிடுசிடுப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அன்றைக்கு மறுபடி ஓடியாட விடாதீர்கள், டாக்டரிடம் காட்டுங்கள். வாந்தி திரும்பத் திரும்ப வந்தாலோ, தலைவலி ஏறிக்கொண்டே போனாலோ, வலிப்பு, நினைவு தப்புதல், பேச்சுக் குழறல், கை கால் பலவீனம் இருந்தாலோ ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். 'தூங்கவே விடக் கூடாது' என்று நான் ராத்திரி முழுக்க நிலாவை உலுக்கத் தயாராக இருந்தேன். "பரிசோதனை செய்தாச்சு, தாராளமாகத் தூங்கட்டும்" என்றார் டாக்டர்.

முதல் இரண்டு நாள் ஓய்வு. டெலிவிஷன், கம்ப்யூட்டர் கிடையாது. ஆனால் இருட்டறையில் அடைத்துப் போடவும் இல்லை. மெல்ல நடை, அப்புறம் அரை நாள் பள்ளிக்கூடம், அப்புறம் முழு நாள். அதற்குப் பிறகு தனியாக ஸ்கேட்டிங், பிறகு பயிற்சி. ஒவ்வொரு படியிலும் தலைவலி வந்தால் ஒரு படி கீழே. பெரும்பாலான குழந்தைகளுக்கு நாலு வாரத்துக்குள் சரியாகிவிடுமாம். இவளுக்கு ஐந்து வாரம் ஆயிற்று. அந்த ஐந்து வாரமும் அவளோடு பல்லாங்குழி ஆடி நான் தோற்ற கணக்கு தனி.

இடையில் ஒரு நாள் பெண்ணிடம் கேட்டேன், "திரும்பவும் அனுப்பத்தான் போறியா?" என்று. கொஞ்ச நேரம் அவள் பேசவில்லை. "எனக்கும் பயம்தாம்மா. பத்து வயசுப் பொண்ணுங்களை உடம்பால இடிக்க விடமாட்டாங்க, இவங்க லீக்ல அது கிடையாது. கழுத்துப் பட்டை, கூண்டு எல்லாம் போடறா. இதுக்கு மேலயும் ஏதாவது ஆகலாம். அவகிட்டே ஒண்ணுதான் சொல்லியிருக்கேன். தலை வலிச்சா மறைக்கக் கூடாது. மறைச்சா அன்னியோட ஹாக்கி முடிஞ்சுது." நான் பதில் சொல்லவில்லை. ரிங்க்கில் கொடுத்த புத்திமதியே போதும் என்றிருந்தது.

அந்த வாரங்களில் மூட்டையை ஒரு வழி பண்ணினேன். வாடைக்குக் காரணம் வியர்வையில் வளர்கிற கிருமி. ஆட்டம் முடிந்து வந்ததும் ஜிப்பைத் திறந்து, ஒவ்வொன்றாகக் கொடியில் மாட்டி, மின்விசிறியைப் போட்டுவிட்டால் பாதி போச்சு. உள்ளே போடுகிற துணியை அன்றன்றே துவைக்க வேண்டும். ஸ்கேட் கத்தியை ஈரம் போகத் துடைத்து வைக்காவிட்டால் அரிவாள்மணை மாதிரியே துருப்பிடிக்கும். கையுறைக்கு மட்டும் என்ன செய்தும் விமோசனம் இல்லை. குழந்தைகள் மளமளவென்று வளர்வதால், புதுசாக வாங்காமல் மற்றவர்கள் உபயோகித்ததை வாங்குவதுதான் அங்கே சாமர்த்தியம். ஹெல்மெட்டை மட்டும் விரிசலும் காலாவதித் தேதியும் பார்க்காமல் வாங்கக் கூடாது.

மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை நிலா மறுபடி இறங்கினாள். யாழ்ப்பாணத்து அம்மாள் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார், எனக்கு இறங்கவில்லை. முதல் தடவை இறங்கிய உடனேயே பேத்தி சறுக்கி உட்கார்ந்தாள். இந்தத் தடவை நான் எழவில்லை. பக்கத்தில் என் பெண்தான் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்காகச் சிவப்புக் கம்பளியில் ஒரு குல்லாய் பின்னி வைத்திருந்தேன். ஹெல்மெட்டுக்குள் எதுவும் போடக் கூடாதாம், ஹெல்மெட் தலையில் சரியாகப் பொருந்தாதாம். ஆட்டம் முடிந்ததும் ஈரத் தலையில் அதை மாட்டிக்கொண்டு கார் வரைக்கும் வந்தாள். மூட்டையை நான் தூக்கிக்கொண்டேன்.